தெப்பக்குளம் மூன்று சுற்று: ஆண்டின் ஆல்பங்களைப் பட்டியலிடுவது எப்படி

கேசட்டுகள் இருந்த காலத்தில், மதுரை ரயில் நிலையத்திலிருந்து மீனாட்சி கோயிலை நோக்கிப் போகும் டவுன்ஹால் ரோட்டின் பக்கச் சந்து ஒன்றில், பாட்டுப் பதிவு செய்து தரும் கடை ஒன்று இருந்தது. வேண்டிய பாடல்களை முழுத்தாளில் எழுதிக்கொண்டு, காலிக் கேசட்டுடன் அங்கே போவேன். கடைக்காரர் தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, தொண்ணூறு நிமிசம்தான் இருக்கு, இருபத்தஞ்சு பாட்டை எங்கிட்டு அடைக்கிறது? நீயே அஞ்சாறை அடிச்சுக் குடு" என்று பேனாவை நீட்டுவார். எந்தப் பாட்டை அடிப்பது என்று கடை வாசலில் நின்று யோசித்த அந்தப் பத்து நிமிடங்களில்தான், எனக்கு உண்மையில் எது பிடிக்கும் என்பது எனக்கே தெரியவந்தது. ஆண்டு முடிவில் பிடித்த ஆல்பங்களைப் பட்டியலிடுவதும் இதே வேலைதான். ஆனால் இன்று கைப்பேசிக்குள் இடத்துக்குப் பஞ்சமில்லை, பேனாவை நீட்டவும் ஆள் இல்லை. ஆகையால் வரம்பை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளாக நான் பின்பற்றிவரும் முறையைக் கீழே எழுதுகிறேன்.

எதைக் கணக்கில் சேர்ப்பது

முதலில், எது ஆல்பம் என்பதை ஜனவரியிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். டிசம்பரில் முடிவு செய்தால், மனதுக்குப் பிடித்த ஏதோ ஒன்றை உள்ளே கொண்டுவருவதற்காக விதியை வளைப்பீர்கள். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இசை அடங்கும். நீண்ட படைப்பு ஒன்றை வெளியிட வேண்டுமானால் பல தட்டுகள் தேவைப்பட்டன. அவற்றைப் புகைப்பட ஆல்பம் போன்ற உறைப்புத்தகத்தில் வைத்து விற்றதால் ஆல்பம் என்ற பெயர் வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடும் நெடுந்தட்டைக் கொண்டுவந்த பின்பும் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே, ஓர் ஒழுங்கில் அடுக்கப்பட்டு, ஒரே அமர்வில் கேட்பதற்கென்று உருவாக்கப்பட்ட தொகுப்பு என்பதே இதன் அடிப்படைப் பொருள்.

அளவைப் பொறுத்தவரை, கிராமி விருதுகளுக்கு அமெரிக்க ஒலிப்பதிவு அகாதெமி வைத்திருக்கும் விதி நமக்கும் நன்றாகவே பொருந்துகிறது: குறைந்தது ஐந்து வெவ்வேறு பாடல்களும் மொத்தம் 15 நிமிடங்களும் இருக்க வேண்டும், அல்லது பாடல் எண்ணிக்கை எதுவாயினும் மொத்தம் 30 நிமிடங்கள் இருக்க வேண்டும். இந்த விதியின்படி ஐந்து பாடல்கள் கொண்ட தமிழ்த் திரைப்பட ஆல்பமும் உள்ளே வரும். ஒரே ஒரு ராகம் தானம் பல்லவி நாற்பது நிமிடம் ஓடும் கர்நாடக இசை வெளியீடும் உள்ளே வரும். தனியாக வந்த ஒற்றைப் பாட்டு, எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், வராது.

தேதியில்தான் சிக்கல் அதிகம். திரைப்படப் பாடல்கள் இப்போது ஒவ்வொன்றாக, மாதக்கணக்கான இடைவெளியில் வெளிவருகின்றன; முதல் பாட்டு தீபாவளிக்கும் முழுத்தொகுப்பு பொங்கலுக்கும் வந்தால் அது எந்த ஆண்டைச் சேர்ந்தது? முழுத்தொகுப்பும் கேட்கக் கிடைத்த நாளையே நான் கணக்கில் கொள்கிறேன். பழைய ஒலிப்பதிவுகள் புதிதாக வெளிவருவது இன்னொரு சிக்கல். கர்நாடக இசைப் பாடகர் மதுரை மணி ஐயர் 1968இல் மறைந்தவர்; அவருடைய கச்சேரி ஒன்று இந்த ஆண்டு தூசு தட்டி வெளியிடப்பட்டால், அதைப் புது ஆல்பங்களுடன் போட்டியிட வைப்பது இரு தரப்புக்கும் நியாயமாகாது. ஜான் கோல்ட்ரேன் 1963இல் பதிவு செய்த ஜாஸ் ஆல்பம் ஒன்று 2018இல்தான் வெளிவந்தது. அந்த ஆண்டில் அதைக் கேட்டவர்கள் பலருக்கும் இதே குழப்பம் இருந்திருக்கும். இத்தகையவற்றுக்கு நோட்டுப் புத்தகத்தின் கடைசியில் தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள்.

நோட்டுப் புத்தகம்

இந்த முறை முழுவதும் ஒரு நாற்பது பக்க நோட்டை நம்பியிருக்கிறது. நினைவை மட்டும் நம்பி டிசம்பரில் உட்கார்ந்தால், அக்டோபருக்குப் பிறகு கேட்டவை எல்லாம் பெரிதாகத் தெரியும். பிப்ரவரியில் நம்மை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்த ஆல்பத்தின் பெயர்கூட மறந்துபோயிருக்கும். கேட்ட ஒவ்வொரு முறையும் இரண்டு வரி எழுதினால் போதும்: எந்த நாள், எங்கே, எதுவரை நிறுத்தாமல் கேட்டேன், காதில் என்ன தங்கியது. என் நோட்டிலிருந்து ஒரு குறிப்பு இது: "மார்ச் 9, காலை, தெப்பக்குளம். நான்காம் பாட்டோடு நிறுத்திவிட்டேன். மூன்றாவதில் உறுமி நுழையும் இடம் நன்று. அதன் பிறகு குரலைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்." அருமை, பிரமாதம், மனதைத் தொட்டது போன்ற சொற்களை நோட்டில் எழுதுவதில்லை என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மாதம் கழித்துப் படிக்கும்போது அந்தச் சொற்கள் எதையும் நினைவூட்டுவதில்லை. உறுமி நுழைந்த இடம் நினைவூட்டுகிறது.

இசைச் செயலிகள் டிசம்பர் வாக்கில் தாமாகவே ஆண்டுக் கணக்கைக் கொடுத்துவிடுகின்றனவே, நோட்டு எதற்கு என்று கேட்கலாம். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முப்பது விநாடி ஓடினாலே ஒருமுறை கேட்டதாகக் கணக்காகிறது; தூங்கிப்போன பிறகு ஓடியதும், சமையலறையில் யாரும் கவனிக்காமல் ஓடியதும் அதே எடையைப் பெறுகின்றன. ஓர் ஆண்டு என் கைப்பேசி தந்த பட்டியலில் முதலிடம் பெற்றவை, கோடை விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் சாப்பிடுவதற்காகப் போட்டுக் காட்டிய மழலைப் பாடல்கள். அந்த எண்ணிக்கையை ஒரு சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல.

கேட்கும் முறை

ஓர் ஆல்பத்தைப் பட்டியலுக்குப் பரிசீலிக்க வேண்டுமானால் குறைந்தது மூன்று முறை, மூன்று சூழலில் கேட்க வேண்டும் என்பது என் வழக்கம்.

முதல் முறை, நடந்துகொண்டே, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை வரிசை மாறாமல் கேட்பது. வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் ஏறத்தாழ ஆயிரம் அடிச் சதுரம். வெளிப்புறமாக ஒருமுறை சுற்றிவந்தால் ஒன்றேகால் கிலோமீட்டர், என் நடைக்குப் பதினைந்து நிமிடம். ஆகவே என் கணக்கில் ஆல்பங்களுக்கு நிமிடம் கிடையாது, சுற்றுதான்: திரைப்பட ஆல்பம் ஒன்றரைச் சுற்று, வழக்கமான பாப் அல்லது ராப் ஆல்பம் மூன்று சுற்று, பியான்சே 2024இல் வெளியிட்ட இருபத்தேழு பாடல் கொண்ட ஆல்பம் ஐந்து சுற்றுக்கும் மேல். பாடல்களைக் கலைத்துப் போடும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். 2021 நவம்பரில் பாடகி அடேல் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆல்பப் பக்கங்களில் கலைத்துப் போடும் பொத்தான் முதன்மையாக நிற்பதை ஸ்பாட்டிஃபை மாற்றியது. வரிசையை அமைப்பதற்காக ஓர் இசைக்கலைஞர் வாரக்கணக்கில் யோசித்திருக்கும்போது அதைக் குலுக்கிக் கேட்பது, பந்தியில் பாயசத்தை முதலில் ஊற்றிக்கொள்வது போலத்தான்.

இரண்டாம் முறை, வீட்டில், ஒலிபெருக்கியில். தெருவில் வண்டிச் சத்தம் தொடங்கும் முன், விடிகாலை ஐந்து மணி எனக்கு ஏற்ற நேரம். இங்கே ஒரு தொழில்நுட்பக் குறிப்பு தேவை. இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது, சற்றே உரக்கப் பதிவானது நன்றாக இருப்பதுபோல் நம் காது நம்மை ஏமாற்றும். ஒலி குறைந்தால் தாழ்ந்த சுரங்களும் மிக உச்சமான ஒலிகளும் மற்றவற்றைவிட வேகமாக மங்குவது அதற்கு ஒரு காரணம். எனவே செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதி இருந்தால் அதை இயக்கிவைத்த பிறகே ஒப்பிடுங்கள். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கியில் கேட்டு எதையும் ஒதுக்காதீர்கள். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகல் ஒலி கைப்பேசியில் பெரும்பாலும் கேட்பதே இல்லை. மிஞ்சுவது தட்டும் ஒலி மட்டுமே. நாட்டுப்புற இசையை அப்படிக் கேட்டுவிட்டு வெறும் இரைச்சல் என்று சொல்பவர்கள் உண்டு.

மூன்றாம் முறை, ஒரு மாதம் கழித்து. இந்த இடைவெளியில்தான் பெரும்பாலான ஆல்பங்கள் தாமாக விழுந்துவிடும். மூன்றாம் முறைக்கு நேரம் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு, மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்சாரம் நிறுத்தப்படும் நாளைப் பரிந்துரைக்கிறேன். முந்தின இரவே ஆல்பங்களைத் தரவிறக்கி, மின்னேற்றி வைத்துக்கொண்டால், வேறு எந்த வேலையும் நடக்காத அந்த நாள் கேட்பதற்கென்றே கிடைக்கும்.

மேலூர்ப் பேருந்தில் காதொலிப்பானோடு ஏறிக் கர்நாடக இசை கேட்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஓட்டுநர் போடும் பாட்டு வென்றுவிடும். வெல்ல விடுங்கள்: வீட்டில் கேட்டு நான் ஒதுக்கிய இரண்டு திரைப்பட ஆல்பங்கள், மக்கள் நெருக்கத்தில் சன்னலோரக் காற்றோடு கேட்டபோதுதான் என்ன நோக்கத்தில் செய்யப்பட்டவை என்று புரிந்தன.

இசை வகைகளை எப்படி ஒப்பிடுவது

ராக ஆலாபனையையும் ராப்பையும் ஒரே பட்டியலில் எப்படி வைப்பது என்பதே என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. எது உயர்ந்தது என்று கேட்டால் விடை கிடைக்காது, சண்டைதான் கிடைக்கும். நான் கேட்பது, இந்த இசை எதைச் செய்யப் புறப்பட்டது, அதைச் செய்ததா என்பதே. கர்நாடக இசையில், முதல் சில பிடிகளிலேயே, அதாவது சுரத்தொடர்களிலேயே, ராகத்தின் முகம் தெரிகிறதா, ஒரே வரியைப் பலவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் பாடகர் தமக்கென ஒரு வழியைக் கண்டாரா, மிருதங்கம் பாட்டைத் தாங்குகிறதா அல்லது துரத்துகிறதா என்று கவனிக்கிறேன். ராப்பில், சொற்கள் தாளத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றனவா அல்லது திணிக்கப்பட்டிருக்கின்றனவா, பாடுபவர் மூச்சு வாங்கும் இடம் பொருளோடு இசைகிறதா என்று கவனிக்கிறேன். திரைப்பட ஆல்பத்துக்குக் கேள்வி எளிது: காட்சியை எடுத்துவிட்டால் பாட்டு நிற்கிறதா? மின்னணு இசை எனக்குத் தாமதமாகவே பிடிபட்டது. அதில் மெட்டைத் தேடுவதை விட்டுவிட்டு, ஓர் ஒலி எட்டு நிமிடத்தில் எப்படி நமக்குத் தெரியாமலே வேறொன்றாகிவிட்டது என்று கேட்கப் பழக வேண்டும்.

அடுத்து நம் காதின் பழக்கத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். திரையிசையை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன்; ஜாஸைச் சில ஆண்டுகளாகத்தான். பழக்கமில்லாத வகையைச் சேர்ந்த ஆல்பத்துக்கு இரண்டு வாய்ப்பு கூடுதலாகக் கொடுப்பது நியாயம். ஆனால் இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: புதுமையின் மயக்கத்தில், அந்த வகையில் மிகச் சாதாரணமான ஒன்றைப் பெரும் படைப்பாக எண்ணிவிடுவது. ஜாஸ் கேட்கத் தொடங்கிய முதல் ஆண்டில் என் பட்டியலில் பாதி ஜாஸ். இப்போது புரட்டிப் பார்த்தால் ஒன்றுதான் தேறும். அதே வகையில் மேலும் மூன்று ஆல்பங்களைக் கேட்டுவிட்டு வந்தால் இந்த மயக்கம் தெளிந்துவிடும். மொழி தெரியாத பாடல்களை முதல் முறை பொருள் தெரியாமலே கேளுங்கள்; இரண்டாம் முறைக்கு முன் மொழிபெயர்ப்பைத் தேடிப் படியுங்கள். இந்த வரிசையை மாற்றினால் குரல் காதில் விழாமல் சொல் மட்டுமே விழும்.

வகை வாரியாகத் தனித்தனிப் பட்டியல் போடுவதை நான் விட்டுவிட்டேன். அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்த பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986இல் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கி, வி.எஸ். நரசிம்மனின் வயலினோடு ஓர் ஆல்பம் வெளியிட்டார். இதற்கு என்ன பெயரிடுவது என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக வைத்தார். அதை எந்த அடுக்கில் வைப்பது என்று அந்தக் காலத்துக் கேசட் கடைக்காரர்களுக்கும் தெரியவில்லை. ஒரு கடையில் பக்திப் பாடல்களோடு கண்டெடுத்தேன்.

ஒதுக்கீட்டைக் கேட்பதில் வையுங்கள், பட்டியலில் வேண்டாம். மாதத்துக்கு ஒரு கர்நாடக இசை, ஒரு நாட்டுப்புற அல்லது கானா, ஒரு தமிழ்த் தனியிசை, இரண்டு திரைப்படம், மூன்று வெளிநாட்டு ஆல்பங்கள் என்று கேட்டுவிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு ஆல்பங்கள் கையில் இருக்கும். முடிவில் பத்தில் ஏழு திரைப்பட ஆல்பங்களாக அமைந்தாலும் அதை மறைக்க வேண்டியதில்லை.

நம் பகுதிக்கே உரிய ஒரு குறையை மட்டும் சொல்லியாக வேண்டும். கரகாட்டத்துக்கு வாசிக்கும் நையாண்டி மேளமும், சித்திரைத் திருவிழா இரவுகளில் வீதியில் நின்று வாசிக்கப்படும் நாகசுரமும் ஆல்பமாக வருவது மிக அரிது. ஆல்பப் பட்டியல் போடும்போது, ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போக வசதியுள்ள இசைக்கே இடம் கொடுக்கிறோம். ஆகவே 'ஆல்பம் ஆகாதவை' என்று இன்னொரு பக்கம் வைத்திருக்கிறேன். கோயில் கொடை, மதுரையின் இசைச் சபாவான சத்குரு சங்கீத சமாஜத்துக் கச்சேரி, யாரோ ஒருவர் பேருந்து நிலையத்தில் பாடியது எல்லாம் அதில் ஏறும். சில ஆண்டுகளில் அந்தப் பக்கம்தான் நோட்டிலேயே நல்ல பக்கம்.

நூறிலிருந்து பத்துக்கு

நவம்பர் கடைசியில் நோட்டைப் புரட்டி, மூன்று முறையும் முழுமையாகக் கேட்டவற்றை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள். எனக்கு இருபத்தைந்துக்கு மேல் வந்ததில்லை. பிறகு மதிப்பெண். நியூயார்க்கின் வில்லேஜ் வாய்ஸ் வார இதழ் பல ஆண்டுகள் நடத்திய விமர்சகர் வாக்கெடுப்பில் ஒரு நல்ல விதி இருந்தது: ஒவ்வொருவருக்கும் நூறு மதிப்பெண், அதைப் பத்து ஆல்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும், எதற்கும் முப்பதுக்கு மேல் கூடாது, ஐந்துக்குக் குறையக் கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எல்லாவற்றுக்கும் ஐந்து ஐந்தாகக் கொடுத்தபின் கையில் ஐம்பதுதான் மிஞ்சும். இரண்டு ஆல்பங்களுக்கு முப்பது கொடுத்தால் மற்ற எட்டுக்கும் ஐந்துதான். முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் இடையே மயிரிழை வேறுபாடா, மலையளவு வேறுபாடா என்பதை வெறும் வரிசை எண் சொல்லாது, இது சொல்லிவிடும்.

எடுத்துக்காட்டாக, 2024இல் நான் பிரித்தது இப்படி. அரூஜ் அஃப்தாபின் 'நைட் ரெய்ன்' ஆல்பத்துக்கு 22: ஒன்பது பாட்டும் இரவைவிட்டு வெளியே வருவதில்லை, குரல் ஓரிடத்திலும் அவசரப்படுவதில்லை. கோவிந்த் வசந்தா இசையமைத்த 'மெய்யழகன்' 16: படம் பார்ப்பதற்கு முன்பே நின்ற ஆல்பம், கமல்ஹாசன் பாடிய இரண்டு பாட்டும் அதற்குக் காரணம். ஜாஸ் இசைக்கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேனுக்கு அஞ்சலியாகக் கானவ்யா உருவாக்கிய 'டாட்டர் ஆஃப் எ டெம்பிள்' 14; பஜனையா ஜாஸா என்று கேட்டால், இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன என்றுதான் சொல்ல முடியும். பில்லி ஐலிஷின் 'ஹிட் மீ ஹார்ட் அண்ட் சாஃப்ட்' 11: முன்கூட்டி ஒரு பாட்டைக்கூட வெளியிடாமல், பத்தையும் ஒரே நாளில் கொடுத்தார், ஒவ்வொரு பாட்டாகச் சொட்டவிடும் நம் ஊர் வழக்கத்தோடு ஒப்பிட்டால் அந்தத் துணிச்சலுக்கே இரண்டு மதிப்பெண் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கென்ட்ரிக் லாமரின் 'ஜிஎன்எக்ஸ்' 10. எஞ்சிய ஐந்து ஆல்பங்களுக்கு 27.

ஒவ்வொன்றுக்கும் அருகில் இரண்டு வாக்கியம் எழுதுங்கள். ஒன்று அது எப்படி ஒலிக்கிறது என்பதைப் பற்றி, மற்றொன்று அதில் உங்களுக்கு உடன்பாடில்லாதது எதுவென்று. இரண்டாவது வாக்கியம் எழுத வரவில்லையானால் ஆல்பத்தை இன்னும் சரியாகக் கேட்கவில்லை என்று பொருள். திரும்பத் தெப்பக்குளத்துக்குப் போக வேண்டியதுதான். பட்டியலை நண்பரிடம் காட்டுவதானால், மதிப்பெண்ணை மறைத்துவிட்டு, இந்தப் பத்தில் நீங்கள் முதலில் எதைக் கேட்பீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் தேர்ந்தெடுப்பதைப் பார்த்து உங்கள் வரிசையை மாற்றக் கூடாது.

பட்டியலை எப்போது மூடுவது என்பது ஒன்றுதான் மிச்சம். பியான்சே 2013 டிசம்பர் 13 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் முழு ஆல்பத்தை வெளியிட்டார். டிஏஞ்சலோ 2014 டிசம்பர் 15 அன்று கிட்டத்தட்ட அதேபோல் வெளியிட்டார். கென்ட்ரிக் லாமரின் ஆல்பமும் 2024 நவம்பர் 22 அன்று சொல்லாமல் வந்ததுதான்; அதற்கு முந்தின நாள்தான் நான் பத்தையும் மையால் எழுதி முடித்திருந்தேன். அந்தப் பக்கத்தில் ஓர் ஆல்பத்தை அடித்த கோடு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு டிசம்பர் 31 இரவு வரை பென்சிலால் எழுதுகிறேன். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்வதற்கு முன் மையிட்டுவிடுகிறேன்.